ஊரறிந்த ஒற்றன்: ‘விவேகம்’ தோற்ற விதம்

2017 ஆகஸ்ட் 24 அன்று ‘விவேகம்’ வெளியானது. ‘வீரம்’ (2014), ‘வேதாளம்’ (2015) என்ற இரண்டு வெற்றிகளுக்குப் பிறகு அஜித்குமாரும் இயக்குநர் சிவாவும் மூன்றாம் முறையாகச் சேர்ந்த படம். தயாரிப்பு சத்யஜோதி பிலிம்ஸ், இசை அனிருத், ஒளிப்பதிவு வெற்றி. செர்பியா, குரோஷியா, பல்கேரியா என்று ஐரோப்பாவில் பெரும்பகுதியைப் படமாக்கினார்கள். பல்கேரியாவைச் சேர்ந்த கலோயன் வோடெனிசரோவ் சண்டைக்காட்சிகளில் பணியாற்றினார். கதைக்காக நாயகன் உடம்பை இறுக்கி உருமாற்றிக்கொண்டதை ரசிகர்கள் படம் வரும் முன்பே கொண்டாடியிருந்தார்கள். அந்த உழைப்பு உண்மையானது, படத்தைப் பார்த்த எவரும் அதை மறுக்க முடியாது.

திரையரங்குகள் முதல் நாள் நிரம்பின. விமர்சனங்கள் வந்தபோது பெரும்பாலும் ஒரே குரல்தான் கேட்டது. படமாக்கிய விதம் பெரிது, கதை சிறிது. நாயகனைப் புகழ்வதற்கென்றே மற்ற பாத்திரங்கள் பேசுகின்றன. துரத்தல், துப்பாக்கிச் சூடு, வெடி, மறுபடி துரத்தல் என்று படம் ஓடுகிறதே தவிர எங்கும் மனம் பதறவில்லை. ‘தமிழ் டாக்கீஸ்’ சேனலில் ப்ளூ சட்டை மாறன் பேசிய விமர்சனம் படத்தைவிட அதிகமாக விவாதிக்கப்பட்டது. திரைத்துறையினர் பலர் அவருடைய தொனியைக் கண்டித்தார்கள். தொனியைப் பற்றிய அந்தச் சண்டையில், படம் ஏன் தோற்றது என்ற கேள்வி அடிபட்டுப்போனது. ஆண்டுகள் பல கடந்தபின் அந்தக் கேள்வியை நிதானமாக எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

வெடிகள் அதிகம் என்பதால் தோற்றது என்று சொல்வது எளிது. அது சரியான காரணம் இல்லை. இதைவிட அதிகமாகச் சுட்டுத் தள்ளிய படங்களைத் தமிழர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். ‘விவேகம்’ உளவாளியைப் பற்றிய படம். ஆனால் அதில் மறைக்கப்பட்ட விஷயம் என்று ஒன்றுமே கிடையாது. அதன் தோல்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஒற்றன் யார், எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்த மரபு நம்முடையது. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’. பத்துக் குறளிலும் வாள்வீச்சு கிடையாது, வீரமுழக்கம் கிடையாது. பார்ப்பவருக்கு ஐயம் வராத தோற்றம் வேண்டும் என்கிறார் வள்ளுவர். துறவி வேடத்தில் போய், அகப்பட்டு வதைபட்டாலும் தளராதவனே ஒற்றன் என்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவேண்டும். மூவர் சொல்வது ஒத்துவந்தால்தான் நம்பவேண்டும். அந்த மூவரும் ஒருவரையொருவர் அறியக்கூடாது. கடைசிக் குறள் நம் விஷயத்துக்கு மிக முக்கியமானது. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யக்கூடாது, செய்தால் மறைபொருளை அரசனே வெளியில் போட்டதாகிவிடும் என்கிறது அது.

இதைப் படித்துவிட்டு நட்சத்திரப் படம் ஒன்றின் இன்ட்ரோ காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் காலணி, பிறகு முதுகு, பிறகு மெதுவாகத் திரும்பும் முகம். அரங்கில் விசில், காகிதமழை. ஊரறியச் சிறப்புச் செய்வதுதான் அந்தக் காட்சியின் வேலையே. நட்சத்திரத்தைக் கண்ட கணத்தில் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்ளவேண்டும். ஒற்றனை யாருமே அடையாளம் காணக்கூடாது. இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்கும்போது எழும் சிக்கல், தமிழ் உளவுப்படம் ஒவ்வொன்றும் தாண்டியாக வேண்டிய முதல் படி.

நான் இருந்து எழுதிக்கொண்டிருக்கும் திருக்கோகர்ணம், புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் குலதெய்வமான பிரகதாம்பாள் குடியிருக்கும் ஊர். இந்த மண்ணுக்கு உளவு வெறும் சினிமாச் சரக்கு இல்லை. 1799இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீதான பீரங்கித் தாக்குதலில் அகப்படாமல் வெளியேறிய கட்டபொம்மன், புதுக்கோட்டைச் சீமையின் காட்டில் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டார். கம்பெனித் தளபதி பானர்மேனிடம் ஒப்படைக்கப்பட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் இந்தப் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பீரங்கியால் ஆகாத காரியம், ஆள் இருக்கும் இடம் தெரிந்ததும் முடிந்துபோனது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் வடதிசைப் படையெடுப்பை அறிவிக்கும் இடமும் இப்படியொரு அறிவுள்ள இடம். வடநாட்டரசர்களின் ஒற்றர்கள் எப்படியும் வஞ்சி வாயிலில் இருப்பார்கள், ஓலை எதற்கு, ஊருக்குள் முரசறைந்தால் போதும் என்கிறான் அவன் அமைச்சன் அழும்பில்வேள். எதிரியின் ஒற்றனையே தூதனாக்கிக்கொள்ளும் அந்த யோசனையில் ஒரு முழுத் திரைக்கதை இருக்கிறது.

ஒரே ஆள் நட்சத்திரமாகவும் ஒற்றனாகவும் இருக்கவேண்டிய சிக்கலுக்கு நம் பழைய சினிமா ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருந்தது. புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பா 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தமபுத்திர’னில் இரட்டை வேடம் போட்டார். முகம் ஒன்று, ஆள் இரண்டு. அரண்மனையில் இருப்பவர்களுக்குக் குழப்பம், நமக்குத் தெளிவு. தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாகத் திரையைப் பிரித்து, நம்மைத் தெரிந்தவர்கள் பக்கம் உட்கார வைத்ததுதான் அதன் இன்பம். எம்.ஜி.ஆரின் மாறுவேடங்களும் அப்படித்தான். கன்னத்தில் ஒரு மரு, ஒரு ஒட்டுத்தாடி, அவ்வளவுதான். வில்லனுக்குத் தெரியாது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்குத் தெரியும். நட்சத்திரத்தை ஒளிக்கவும் வேண்டும், ரசிகனுக்குக் காட்டவும் வேண்டும் என்ற நெருக்கடியை அந்த மரு தீர்த்துவைத்தது. ரகசியம் நாயகனுக்கும் ரசிகனுக்கும் நடுவே பங்குபோடப்பட்டது. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் அதன் உள்வேலையைக் கவனிப்பதில்லை.

1962இல் ‘டாக்டர் நோ’ வெளிவந்து ஜேம்ஸ் பாண்ட் அலை உலகெங்கும் அடித்தபோது சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) என்று எடுத்தது. ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ ஆனார். எம்.ஜி.ஆருக்கு ‘ரகசிய போலீஸ் 115’ (1968), சிவாஜிக்கு ‘தங்கச் சுரங்கம்’ (1969). இந்தப் படங்களில் பணம் கம்மி, செட்டுகள் ஒட்டுப்போட்டவை. ஆனாலும் கூட்டத்துக்குள் கள்ளன் யார் என்ற கேள்வி கடைசி ரீல் வரைக்கும் உயிரோடு இருக்கும்.

1986இல் கமல்ஹாசன் ‘விக்ரம்’ எடுத்தார். ராஜசேகர் இயக்கம், சுஜாதா கதை. குமுதத்தில் தொடராகவும் வந்தது. ஒரு கோடி ரூபாய்ச் செலவு என்பது அப்போது வியந்து பேசப்பட்ட செய்தி. ‘அக்னிபுத்திரன்’ என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது, அதை மீட்க விக்ரம் போகிறான். கணினி, ஏவுகணை என்று தொடங்கும் முதல் பாதி இன்றும் விறுவிறுப்பாக இருக்கிறது. சத்யராஜின் சுகிர்தராஜா ஒரு குளிர்ந்த வில்லன். பிறகு கதை சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குள் போய், சுல்தான், இளவரசி என்று அம்புலிமாமாவாக மாறிவிடுகிறது. செலவும் எதிர்பார்ப்பும் இருந்த அளவுக்கு அந்தப் படம் போகவில்லை. கதை நடப்பது எந்த உலகத்தில் என்பதை ஒரு படம் பாதியில் மாற்றினால், முதல் பாதியில் நமக்கு இருந்த பயம் காலாவதியாகிவிடுகிறது. சலாமியாவில் விக்ரமுக்கு என்ன ஆனாலும் அது கதைதானே என்று மனசு சொல்லிவிடுகிறது.

‘விவேக’த்துக்கு வருகிறேன். அஜய்குமார் பயங்கரவாத எதிர்ப்புப் படையின் அதிகாரி. அணு ஆயுதச் சதி ஒன்றின் திறவுகோல் நடாஷா என்ற ஹேக்கரிடம் (அக்‌ஷரா ஹாசன்) இருக்கிறது. நண்பர்களே முதுகில் குத்துகிறார்கள். செத்துவிட்டான் என்று விட்டுப்போனவன் மீண்டு வருகிறான். இந்த எலும்புக்கூட்டில் ஒரு நல்ல உளவுப்படம் இருக்கிறது. ஒளிந்து வாழும் பெண், அவளைத் தேடும் பல கைகள், தேடுகிறவர்களில் யார் யாருடைய ஆள் என்ற ஐயம். படத்தில் உண்மையாகவே ஒளிந்திருக்கும் ஒரே பாத்திரம் நடாஷாதான். அவள் வரும் பகுதியில்தான் படத்துக்குக் கொஞ்சம் மூச்சு இருக்கிறது. அவளைப் பாதிப் படத்துக்குள் கொன்றுவிட்டார்கள். அதன்பின் யாரும் எதையும் மறைக்கவில்லை. துரோகிகள் துரோகத்தைப் பேசிக் காட்டுகிறார்கள். நாயகன் தன் திட்டத்தை முழங்குகிறான். நண்பனாக இருந்து எதிரியாகும் ஆர்யன் (விவேக் ஓபராய்) நாயகனின் திறமையைப் படம் நெடுக எடுத்துரைக்கிறார். வில்லன் நாயகனுக்குக் கட்டியம் கூறத் தொடங்கியபின் அவனால் என்ன தீங்கு செய்துவிட முடியும்? ரசிகனுக்கு ஒரு பங்கு ரகசியமும் இல்லை, கை தட்டும் வேலை மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் வெடிகள் வருகின்றன. பயம் இல்லாத இடத்தை நிரப்பச் சத்தம் தேவைப்படுகிறது. முன்பெல்லாம் ஒரு காரை வெடிக்க வைப்பது ஒரே தடவை செய்யக்கூடிய வேலை. நாலைந்து கேமராக்களைச் சுற்றிவைத்து, தீயணைப்பு வண்டியை நிறுத்தி, ஸ்டண்ட் மாஸ்டர் கைகாட்டும் வரை மொத்த யூனிட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். தப்பினால் இன்னொரு கார் கிடையாது. அதனால் எந்தக் காருக்கு அந்த முடிவு வரவேண்டும் என்று திரைக்கதையிலேயே யோசித்து வைத்தார்கள். சி.ஜி. வந்தபின் தீப்பிழம்பைக் கணினியில் எத்தனை முறையும் ஒட்டிக்கொள்ளலாம். எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு வெடியின் எடையும் குறைகிறது. நடிகர் எதிரே ஒன்றும் இல்லாத பச்சைத் துணியைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறார், தோல் கருகும் பயம் அந்த முகத்தில் எப்படி வரும்? கோயில் திருவிழாவில் வாணம் விடுகிறவர் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே கொஞ்சம் இருட்டை விட்டுவைப்பார். அந்த இருட்டில்தான் குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறது. ‘விவேக’த்தின் பின்பாதி படத்தொகுப்பில் அந்த இருட்டு இல்லை. ஒரு பிளாஸ்ட் முடிந்ததும் யார் செத்தார், எந்தத் தெரு அழிந்தது, அந்த ஊர்ப் போலீஸ் என்ன செய்தது என்று படம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பின்விளைவு இல்லாத வெடி கண்ணோடு போய்விடும்.

இது நம்மூர் நோய் மட்டும் இல்லை. 2002இல் ‘பலிஸ்டிக்: எக்ஸ் வெர்சஸ் செவர்’ என்ற ஹாலிவுட் படம் வந்தது. அன்டோனியோ பண்டேராஸும் லூசி லியூவும் உளவாளிகள். தாய்லாந்துக்காரர் ஒருவர் இயக்கம், கனடாவின் வான்கூவரில் படப்பிடிப்பு, 7 கோடி டாலர் செலவு. உலகம் முழுக்க வசூலானது ஏறத்தாழ 2 கோடி டாலர். விமர்சனங்களைத் தொகுக்கும் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விமர்சனங்களில் ஒன்றுகூடச் சாதகமாக இல்லாமல் பூஜ்யம் வாங்கியது. மிக மோசமாக விமர்சிக்கப்பட்ட படம் என்று அந்தத் தளமே பின்னாளில் அறிவித்தது. அந்தப் படத்தின் கதையைப் பிரித்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. செத்ததாக நம்பப்பட்ட மனைவி உயிரோடு இருக்கிறாள். கடத்தப்பட்ட சிறுவன் நாயகனின் சொந்த மகன், அது அவனுக்கே தெரியாது. தலைப்பில் எதிரிகளாக நிற்கும் இருவரும் உண்மையில் எதிரிகள் இல்லை. மூன்றுமே உளவுக்கதைக்கு வரமாக வாய்க்கக்கூடிய ரகசியங்கள். மூன்றையும் இரண்டு வெடிகளுக்கு நடுவே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் படம் அடுத்த பஸ்ஸைக் கொளுத்தப் போய்விடுகிறது. அந்தப் படத்தின் ஆரம்பத் திரைக்கதைப் பிரதியை வைத்து முந்தைய ஆண்டே ஒரு வீடியோ கேம் வந்து நல்ல பெயர் எடுத்திருந்தது. ஒளிந்து நகர்ந்து சுடவேண்டிய விளையாட்டில், எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாத பயம் தானாகவே வந்துவிடுகிறது.

1996இல் வந்த முதல் ‘மிஷன்: இம்பாசிபிள்’ படத்தை யாரிடம் கேட்டாலும், கயிற்றில் தொங்கியபடி டாம் குரூஸ் கணினி அறைக்குள் இறங்கும் காட்சியைத்தான் சொல்வார்கள். அதில் வெடி இல்லை, பேச்சும் இல்லை. ஒரு துளி வியர்வை தரையில் விழுந்துவிடக்கூடாது என்பதுதான் காட்சி.

அப்படியிருக்க ஏன் மறுபடி மறுபடி வெடியையே நம்புகிறார்கள்? ஒரு காரணம் வியாபாரம். பெரிய நட்சத்திரப் படத்தின் தலைவிதி முதல் மூன்று நாள் ஓப்பனிங்கில் முடிவாகிறது. அந்த மூன்று நாளை விற்பது ட்ரெய்லர். ட்ரெய்லருக்குள் ரகசியத்தை வைக்க முடியாது, வெடியை வைக்கலாம். இன்னொன்று, வெடிக்கு மொழி தேவையில்லை. ‘விவேக’த்தின் இந்தி மொழிமாற்றத்தை யூடியூபில் கோடிக்கணக்கான முறை பார்த்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைக் கேலியாக நான் சொல்லவில்லை, ஒரு தயாரிப்பாளருக்கு அது நிஜமான வருமானம். ஆனால் அந்த வருமானத்துக்காகத் தமிழில் கதை சொல்வதைக் கைவிடும்போது இழப்பது யார் என்று அவர்களும் கணக்குப் பார்க்கவேண்டும்.

மூன்று நாள் என்பது விமர்சகர்கள் மேலும் வந்து விழுந்தது. 2017 ஏப்ரலில் ‘நெருப்புடா’ பாடல் வெளியீட்டு விழாவில், தயாரிப்பாளர் சங்கத் தலைவராகியிருந்த விஷால் மூன்று நாள் கழித்து விமர்சனம் செய்யும்படி கேட்டார். விமர்சகர்கள் சொற்களில் கவனம் வைக்கவேண்டும் என்றார் ரஜினிகாந்த். 2024இல் தயாரிப்பாளர்கள் இதே கோரிக்கையோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி நீதிமன்றம் அந்த டிசம்பரில் இடைக்காலத் தடை தர மறுத்தது. அந்த முடிவு சரியானது என்பது என் உறுதியான எண்ணம். விமர்சகரின் மொழி நாகரிகமாக இருக்கவேண்டும் என்று கேட்கலாம், நானும் கேட்கிறேன். நூற்றைம்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்த மனிதனின் வாயை மூன்று நாள் கட்டிவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

அதே அஜித்குமாரும் அதே சிவாவும் அதே சத்யஜோதிக்கு 2019 ஜனவரி 10 அன்று ‘விஸ்வாசம்’ கொடுத்தார்கள். தேனி மாவட்டத்து அரிசி ஆலை முதலாளி, வேட்டி சட்டை, ஊர்த் திருவிழா. உளவு என்ற பேச்சே இல்லை. ஆனால் கதையின் நடுப்பகுதியைப் பாருங்கள். பிரிந்துபோன மகள் மும்பையில் வளர்கிறாள். அவள் உயிருக்கு ஆபத்து. தூக்குதுரை தான் யார் என்று சொல்லாமல் அவளுக்குக் காவலாக நிற்கிறான். தாய்க்குத் தெரியும், நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. அவள் அப்பாவைப் பற்றி அவனிடமே பேசும்போது அரங்கில் அத்தனை பேரின் தொண்டையும் அடைக்கிறது. வேற்றாளாக நிற்பது, கண்டும் காட்டிக்கொள்ளாமல் இருப்பது, அடிபட்டும் சொல்லாமல் இருப்பது என்று வள்ளுவர் ஒற்றனுக்குச் சொன்ன இலக்கணம் அத்தனையும் அந்தத் தகப்பனிடம் இருக்கிறது. ஆர்ப்பாட்டமான சண்டைகள் அதிலும் உண்டு. அவற்றை நாம் பொறுத்துக்கொள்ளவில்லை, வேண்டி எதிர்பார்த்தோம். ஒவ்வொரு அடியிலும் அந்த ரகசியம் உடைந்துவிடுமோ என்ற பதற்றம் இருந்தது.

இப்படி ஆளை மறைத்துவைப்பதைக் கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ (2013) தெரிந்தே செய்தது. தமிழ்நாட்டில் தடைபட்டுப் பிப்ரவரி 7 அன்றுதான் இங்கே வெளியானது என்பதால் அரசியல் பேச்சிலேயே அந்தப் படம் கரைந்துவிட்டது. அதன் கைவினையைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எழுதவில்லை. நடனம் சொல்லிக்கொடுக்கும் மென்மையான கணவன் கட்டிப்போடப்பட்ட கிடங்கில் ஒரு நொடியில் வேறொருவனாகிறான். அந்த அடிதடி சில வினாடிகளில் முடிந்து, பிறகு மெதுவாகத் திரும்பக் காட்டப்படுகிறது. மனைவிக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் கண் திறக்கிறது. 2018இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் படம் சோபிக்காமல் போனதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

2022 ஜூன் 3 அன்று லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ வந்தது. 1986இன் அதே பெயர், அதே உளவாளி. கமல்ஹாசன் படத்தின் தொடக்கத்திலேயே செத்துப்போனதாகக் காட்டுகிறார்கள். மகனை இழந்து குடியில் விழுந்த கர்ணன் என்ற கிழவனைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் கதைகளாகவே முதல் பாதி நகர்கிறது. கொலைகளைச் செய்யும் முகமூடி மனிதன் யார் என்பது இடைவேளையில்தான் உடைகிறது. எம்.ஜி.ஆரின் மருவை ரசிகன் மட்டும் கண்டுகொண்டான் என்றால், இங்கே ரசிகனிடமிருந்தே நட்சத்திரத்தை ஒளித்துவைத்தார்கள். அதைவிடப் பெரிய துணிச்சல் வசந்தி நடித்த ஏஜென்ட் டீனா. கர்ணனின் வீட்டில் அவர் வேலைக்காரம்மா. தட்டு எடுக்கிறார், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், திட்டு வாங்குகிறார். அடியாட்கள் வீட்டுக்குள் புகுந்த இரவில் அவர் கையில் கிடைத்ததை எடுத்துச் சுழலும்போது அரங்குகள் எழுந்து நின்றன. வேலை செய்யும் பெண்ணை நாம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தப் பாராமுகத்தையே அவளுக்கு மாறுவேடமாக்கினார்கள். அந்தப் படத்தின் கடைசி அரைமணி நேரத்தில் பீரங்கியே வெடிக்கிறது. அது அதிகம் என்று அன்று யாரும் சொல்லவில்லை.